பின்னிணைப்பிலிருந்து இயலுக்கு: ஓர் ஆய்வேடு அமைந்த வரலாறு

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வேட்டின் அமைப்பைப் பற்றிப் பேசும் நூல்கள் தமிழில் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வியல் நெறிமுறைகள் என்னும் தாளுக்குரிய பாடநூல்களாக எழுதப்பட்டவை. முகப்புப் பக்கம் எவ்வாறு அமைதல் வேண்டும், இயல்களை எம்முறையில் பகுத்தல் வேண்டும், அடிக்குறிப்பை எங்கே இடுதல் வேண்டும், துணைநூற்பட்டியலை எவ்வரிசையில் தருதல் வேண்டும் என்பனவற்றை அவை நிரல்படக் கூறுகின்றன. அவ்விதிகள் தேவையானவையே. எனினும், ஆய்வாளரின் சிந்தனையில் அவ்விதிகள் என்ன செய்கின்றன என்பது அந்நூல்களில் அரிதாகவே பேசப்படுகிறது. விதி என்ற அளவில் நின்றுவிடும்போது ஆய்வேட்டின் அமைப்பு, எழுதி முடித்த பின்னர் மேலே போர்த்தும் ஆடையாகக் கருதப்பட்டு விடுகிறது. அமைப்பு ஆடையன்று என்பதை ஆய்வாளர் ஒருவர் அறிந்துகொண்ட வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கேரள மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த்துறையில் 2014 ஆம் ஆண்டு அவர் ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டார். இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு வட்டத்தில், தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் பிறந்தவர் அவர். அவருடைய பாட்டியும் தாயும் கொழுந்து பறித்தவர்கள். 1956 ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. தலைமுறைகளுக்கு முன்னர்க் கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் அம்மலைகளிலேயே நின்றன. அக்குடும்பங்களின் பெண்கள் பாடும் ஒப்பாரிப் பாடல்களையே அவர் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

முதல் வரைவு

மூன்றாண்டுக் களப்பணிக்குப் பின்னர் அவர் தம் முதல் வரைவை நெறியாளரிடம் அளித்தார். ஐந்து இயல்கள், முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ‘ஒப்பாரி: ஓர் அறிமுகம்’, ‘தோட்டத் தொழிலாளர் வரலாறு’, ‘பாடல்களில் உறவுமுறைகள்’, ‘பாடல்களில் சமுதாய நிலை’, ‘பாடல்களில் இலக்கிய நயங்கள்’ என இயல்கள் அமைந்திருந்தன. முடிவுரைக்குப் பின்னர்ப் பாடல்கள் அனைத்தும் முதற் பின்னிணைப்பாகவும், பாடிய பெண்களைப் பற்றிய விவரங்கள் இரண்டாம் பின்னிணைப்பாகவும் தரப்பட்டிருந்தன. முன்னர் வந்த ஆய்வேடுகள் பலவற்றை நூலகத்தில் புரட்டிப் பார்த்தே அவர் இப்பகுப்பை வகுத்திருந்தார். அவற்றிலிருந்து எவ்வகையிலும் மாறுபடாமையே தம் வரைவின் நிறை என்றும் எண்ணியிருந்தார்.

நெறியாளர் பத்து நாள் கழித்து வரைவைத் திருப்பியளித்தார். பிழைதிருத்தங்கள் மிகுதியாக இல்லை. பொருளடக்கப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு இட்டிருந்தார்.

“அம்மா, பீருமேடு என்னும் பெயர் வரும் இடமெல்லாம் வால்பாறை என்று எழுதிப் பாருங்கள். இயல் தலைப்புகளில் எதையேனும் மாற்ற வேண்டியிருக்கிறதா?”

“இல்லை ஐயா.”

“ஒப்பாரியை எடுத்துவிட்டுத் தாலாட்டு என்று எழுதினால்?”

அப்போதும் முதல் இயலின் தலைப்பைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எப்பொருளையும் இட்டு வைக்கத்தக்க பேழையாக இயல் பகுப்பு இருந்தது. அவர் மூன்றாண்டுகளாகக் கண்டது எதுவோ அதற்கென்று அப்பேழையில் தனி இடம் ஏதும் இல்லை. “நீங்கள் கண்டதை ஒரே தொடரில் எழுதிக்கொண்டு வாருங்கள். அத்தொடருக்கு எத்தனை சான்றுகள் வேண்டுமோ அத்தனை இயல்கள் போதும்” என்று கூறி நெறியாளர் அவரை அனுப்பி வைத்தார். அத்தொடர் அப்போது ஆய்வாளரிடம் இல்லை. பாடல்களிடத்து அன்பு இருந்தது, ஒலிப்பதிவுகள் இருந்தன, பக்கங்களும் இருந்தன. சொல்ல வேண்டிய ஒரு தொடர் மட்டும் இல்லை.

பட்டியலில் ஒரு கட்டம்

அவ்வாண்டுப் பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது அவர் வரைவின் படி ஒன்றையும் எடுத்துச் சென்றார். பாடல் தந்த பெண்களுள் மூத்தவர் ஒருவர், அவர் பாட்டியுடன் ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர், அதனைப் பார்க்க விரும்பினார். எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டி, கனமான அக்கட்டினை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏ தாயி, இத்தன பக்கத்துல நான் எங்க இருக்கேன்?”

ஆய்வாளர் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, தகவலாளர் பட்டியலில் பதினேழாம் எண்ணைக் காட்டினார்.

“கடைசியிலயா? சரி, என்னன்னு எழுதியிருக்க? வாசி.”

பெயர், வயது, ஊர், தொழில் என்று ஆய்வாளர் வாசித்துக்கொண்டே வந்து, கல்வி என்னும் கட்டத்தில் சற்றுத் தயங்கி, ‘இல்லை’ என்று முடித்தார்.

“இல்லைன்னா? எங்க அத்தைகிட்ட எத்தன வருசம் கேட்டுக் கேட்டுப் படிச்சேன். அது என்னவாம்?”

ஆய்வாளர் விடை கூறவில்லை. அன்றிரவு அவர் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தார். கல்வி என்னும் தலைப்பின் கீழ் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்பதே இருந்தது. எல்லார்க்கும் ஒரே விடையைத் தரும் கட்டம் ஆய்வுக்கு எதனையும் தருவதில்லை. அதனை நீக்கிவிட்டு, ‘யாரிடம் கற்றது’ என்னும் புதிய கட்டத்தை அவர் வரைந்தார். அதனை நிரப்புவதற்கு மட்டும் அவர் மேலும் நான்கு திங்கள் லயம் லயமாக அலைய நேர்ந்தது.

அக்கட்டம் நிரம்பியபோது பாடல்கள் தாமாகவே இரு கூறாகப் பிரிந்தன. அவர் தொகுத்தவற்றுள், தாயிடமோ பாட்டியிடமோ கற்றதாகக் கூறப்பட்ட பாடல்களில் சமவெளியின் ஆறுகளும் வயல்களும் கோயில்களும் மிகுதியாக வந்தன. பாடிய பெண்களுள் பலர் அவ்வூர்களைக் கண்டதில்லை. உடன் வேலை செய்த பெண்களிடம் கற்ற பாடல்களிலோ லயமும் கொழுந்துக் கூடையும் பனியும் அட்டையும் வந்தன. இரு வழியிலும் கற்ற பெண்கள் இறந்தவர் யார் என்பதற்கேற்பப் பாடலைத் தேர்ந்தனர். நெறியாளர் கேட்ட தொடர் இப்போது கிடைத்தது: தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரியில் காணும் நில வேறுபாடு, அப்பாடல் கற்கப்பட்ட வழியின் வேறுபாடு.

இயல் பகுப்பும் அத்தொடரிலிருந்தே பிறந்தது. அறிமுக இயலை அடுத்துப் பாடல்கள் பதிவு செய்யப்பட்ட சூழல் இரண்டாம் இயலாயிற்று. தாய்வழிக் கற்ற பாடல்கள் மூன்றாம் இயலிலும், லயத்தில் கற்ற பாடல்கள் நான்காம் இயலிலும், ஒரே பெண் இரு வகையையும் பாடிய நிலை ஐந்தாம் இயலிலும் அமைந்தன. முன்னர்ப் பின்னிணைப்பில் கிடந்த பாடல்களுள் ஆய்வுக்கு அடிப்படையானவை முழுமையாக இயல்களுக்குள் வந்தன. ‘இலக்கிய நயங்கள்’ இயல் நீக்கப்பட்டது. அதனை நீக்கும்போது ஆய்வாளர் வருந்தினார். அதுவே அவர் மிக விரும்பி எழுதிய பகுதி.

பாயிரமும் அறிமுக இயலும்

அறிமுக இயலைத் திருத்தும்போது நெறியாளர் அவரை நன்னூற் பாயிரத்தைப் படித்து வரச் செய்தார். நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுவலும் பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்பது பவணந்தியாரின் கருத்து. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்று அந்நூலே சுட்டுகிறது. ஆய்வேட்டின் முகப்பும் அறிமுக இயலும் இவற்றுக்கே விடை கூறுகின்றன. வழி என்பது முன்னைய ஆய்வுகள். எல்லை என்பது ஆய்வு எல்லை. பொருள் என்பது கருதுகோள். களமும் காலமும் களப்பணி நடந்த இடமும் நாளும். யாப்பினை நூல் தொகுக்கப்பட்ட முறை என்று கொண்டால் அது இயல் பகுப்பாகும்.

பாயிர மரபில் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே கூறுதல் கூடாது. அவன் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தக்க உரைகாரன் ஆகியோருள் ஒருவரே கூறுதல் வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் கூறிய பனம்பாரனார் தொல்காப்பியருடன் ஒருங்கு கற்றவர் என்பது உரைமரபு. பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் கேட்க அந்நூல் அரங்கேறியதையும் அப்பாயிரமே கூறுகிறது. ஆய்வேட்டின் தொடக்கத்தில் நெறியாளர் சான்றிதழும் இறுதியில் வாய்மொழித் தேர்வும் இடம்பெறும் முறை, ஒருவன் நூலுக்கு அவனே சான்றாக முடியாது என்னும் பழைய எண்ணத்தோடு ஒத்துச் செல்கிறது.

எட்டனுள் ‘எல்லை’ என்பதே ஆய்வாளரை வருத்தியது. ஒப்பாரியைச் சாவு நிகழாத வீட்டில் பாடுதல் ஆகாது என்று பெண்கள் அஞ்சினர். அதனால் வேலையில்லாத நாள்களில், லயத்துக்கு அப்பால், தேயிலைச் சரிவின் ஓரத்தில் அமர்ந்தே அவர்கள் பாடினர். பாடல்கள் யாவும் அவர் வேண்டுகோளின்பேரில் பாடப்பட்டவை. ஒன்றேனும் இழவு வீட்டில் பதிவு செய்யப்பட்டதன்று. தேர்வாளர் இதனைக் குறையாகக் கொள்வர் என்று அஞ்சி, முதல் வரைவில் ‘களப்பணியின்போது பதிவு செய்யப்பட்டன’ என்று மட்டும் அவர் எழுதியிருந்தார். நெறியாளர் அத்தொடரை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தவாறே ஆய்வு எல்லை என்னும் தலைப்பின்கீழ் எழுதச் செய்தார். ஆய்வேட்டின் பதினான்காம் பக்கத்தில் அது மூன்று தொடர்களாக அமைந்தது.

எண்ணும் வரிசையும்

அமைப்பு முடிந்த பின்னர் வடிவமைப்பின் வேலை தொடங்கியது. அது சில நாள்களில் முடியும் என்று அவர் எண்ணியிருந்தார். மூன்று திங்கள் ஆயிற்று.

முதலாவது, சுட்டுமுறை. சங்கப் பாடல்களை நற்., குறுந்., அகம்., புறம். எனச் சுருக்கக் குறியீடும் பாடல் எண்ணும் கொண்டு சுட்டுதல் மரபு. தொல்காப்பிய நூற்பாக்களுக்கு எண் மட்டும் தந்தால் போதாது. உரையாசிரியர்தோறும் நூற்பாப் பகுப்பு வேறுபடுதலின், எவ்வுரைப் பதிப்பின் எண் என்பதையும் குறிக்க வேண்டும். இம்முறையையே அவர் வாய்மொழிப் பாடல்களுக்கும் பொருத்தினார். ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் எண்; அவ்வெண்ணுக்கு எதிரே பாடியவர், கற்பித்தவர், இடம், நாள், ஒலிப்பதிவின் மணித்துளி. நாளை மற்றோர் ஆய்வாளர் அவர் முடிவை மறுக்க விரும்பினால், அதே பாடலை மீண்டும் கேட்டு மறுக்க இயலும்.

இரண்டாவது, ஆண்டு. பழைய பதிப்புகள் சிலவற்றில் தமிழ் ஆண்டுப் பெயரே காணப்படும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரே பெயர் மீண்டும் வருமாதலின் சர்வசித்து என்பது 1887 ஆகவும் இருக்கலாம், 1947 ஆகவும் இருக்கலாம். மேலும், சித்திரையில் தொடங்கும் ஆண்டு அடுத்த ஆங்கில ஆண்டின் ஏப்பிரல் வரை நீளும். திங்கள் தெரியாதபோது இரண்டு ஆண்டுகளையும் இணைத்துக் குறிப்பதே நேர்மை.

மூன்றாவது, அகரவரிசை. அவர் முதலில் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார். அத்தகைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னர்த் தனிக் குறியாகவே இடப்படும். அதனால் துணைநூற்பட்டியலைக் கணினி வரிசைப்படுத்தியபோது ககர வரிசையில் நிற்க வேண்டிய கைலாசபதி வேறெங்கோ சென்று நின்றார். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும் இடர் முற்றும் நீங்கவில்லை. ஒருங்குறியின் குறியெண்களை மட்டும் பின்பற்றினால் கனவு, கலை, களவு, கழகம், கவிதை என்று சொற்கள் நிற்கும். தமிழ் நெடுங்கணக்கின்படி அவை கலை, கவிதை, கழகம், களவு, கனவு என்று நிற்றல் வேண்டும். இறுதியில் அவர் ஒவ்வொரு நூலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, தரையில் பரப்பிக் கையாலேயே வரிசைப்படுத்தினார். அவ்வாறு செய்தபோதுதான் பட்டியலில் இடம்பெற்று ஆய்வேட்டில் எங்கும் சுட்டப்படாத நூல்கள் இருபதுக்கு மேல் இருப்பதைக் கண்டார். அவற்றை நீக்கினார், பட்டியல் மெலிந்தது.

ஓரம் விடுதலையும் இங்கே குறிப்பிட வேண்டும். கட்டமைக்கும் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் என்னும் விதியை அவர் சிறிதெனக் கருதியிருந்தார். முதற்படி கட்டடம் செய்யப்பட்டு வந்தபோது பாடல் அடிகளின் முதற்சீர்கள் தையலுக்குள் மறைந்திருந்தன. அனைத்துப் படிகளும் மீண்டும் அச்சிடப்பட்டன.

இவ்வேலைகளுக்கு இன்று வேறு பயன்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறை, ஆய்வேட்டின் ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடக்கும்போது நடவடிக்கைகளை வகுக்கிறது. உரிய குறிப்புடன் எடுத்தாளப்பட்ட மேற்கோளும், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியனவும் அக்கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. ஆகவே மேற்கோளைத் தம் உரையிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டுதல் ஆய்வாளர்க்கே காப்பாகும். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் ஆய்வேட்டின் மின்படி சேர்க்கப்படும்போது, ஒருங்குறியில் அமைந்த தமிழே தேடுவோர் கைக்கு எட்டும். பழைய எழுத்துருவில் அமைந்த பக்கம் கணினிக்குப் பொருளற்ற குறிகளின் கோவையே. மேலும், மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறையால் ஆய்வியல் நிறைஞர் படிப்பு நிறுத்தப்பட்டது. சிறிய ஆய்வேடு ஒன்றில் இயல் பகுத்துப் பழகும் வாய்ப்பின்றியே பலர் முனைவர் பட்ட ஆய்வுக்கு இன்று வருகின்றனர். பழகும் இடமும் தேறும் இடமும் ஒன்றேயாகிவிட்ட நிலையில் நெறியாளரின் பொறுப்பு மிகுந்துள்ளது.

பதினான்காம் பக்கம்

2019 ஆம் ஆண்டு, ஆய்வேட்டை அளிப்பதற்குச் சில வாரங்களே இருந்தபோது, பட்டியலில் பதினேழாம் எண்ணுக்குரிய மூதாட்டி காலமானார். செய்தி கேட்ட ஆய்வாளர் அன்றே புறப்பட்டு மலைக்குச் சென்றார். லயத்து முற்றத்தில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தனர். நான்காம் இயலில் அவர் விரிவாக ஆராய்ந்திருந்த பாடல் ஒன்றும் பாடப்பட்டது. தேயிலைச் சரிவில் கேட்டபோது இல்லாத அடிகள் அதில் இருந்தன. ஒலிப்பதிவுக் கருவி அவர் பையில் இருந்தது. ஓர் இழவு வீட்டுப் பதிவேனும் கிட்டியிருந்தால் ஆய்வு எல்லையில் எழுதிய மூன்று தொடர்களையும் அவர் நீக்கிவிட்டிருக்கலாம். அவர் கருவியை வெளியே எடுக்கவில்லை. சிறிது நேரம் நின்று, பின்னர் வட்டத்தில் அமர்ந்துகொண்டார்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எதிர்பார்த்த வினாவையே எழுப்பினார். இழவு வீட்டில் பதிவு செய்யாமல் ஒப்பாரியை ஆராய்தல் குறையாகாதா என்று அவர் கேட்டார். குறையே என்றும், அதனைப் பதினான்காம் பக்கத்தில் தெரிவித்திருப்பதாகவும், தம் முடிவுகள் பாடல் கற்கப்பட்ட வழியைப் பற்றியனவே அன்றி நிகழ்த்தப்படும் முறையைப் பற்றியன அல்ல என்றும் ஆய்வாளர் விடையளித்தார். தேர்வாளர் அப்பக்கத்தைப் புரட்டிப் படித்தார். அடுத்த வினாவுக்குச் சென்றார்.

முடிவுரை

ஆய்வேட்டின் அமைப்பு பற்றிய விதிகள் ஒவ்வொன்றும் ஒரு வினாவை உள்ளடக்கியுள்ளன. நீ கண்டது எது என்று இயல் பகுப்பு கேட்கிறது. நீ காணாதது எது என்று ஆய்வு எல்லை கேட்கிறது. யாரிடமிருந்து பெற்றாய் என்று மேற்கோள் குறிப்பும் தகவலாளர் பட்டியலும் கேட்கின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் விதியை மட்டும் நிறைவு செய்த ஏடு தேர்வில் தேறலாம். பின்வருவோர்க்கு அது வழியாக அமைதல் அரிது.

அவ்வாய்வேட்டின் தகவலாளர் பட்டியல் இப்போது இரண்டாம் இயலின் தொடக்கத்தில் உள்ளது. தம் பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயர்கள் அதில் இல்லை. வேண்டும் என்றவர்களின் பெயர்கள் உள்ளன. பதினேழாம் எண்ணுக்கு எதிரே மூதாட்டியின் பெயரும், அடுத்த கட்டத்தில் அவருக்குப் பாடல் கற்பித்த அத்தையின் பெயரும் இடம்பெற்றுள்ளன.